பழைய பம்ப் ஸ்டவ்வுக்குப் புது வாஷர்: தோலா, நைட்ரைலா, ஓ-ரிங்கா?

பிரைமஸ், ஆப்டிமஸ், ரேடியஸ், கோல்மேன் என்று எந்தப் பழைய பம்ப் ஸ்டவ்வை எடுத்தாலும் முதலில் மக்கர் செய்வது பம்ப்தான். 1892-ல் ஸ்டாக்ஹோமில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் செய்த புகையில்லா மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பித்தளை டாங்குக்குள் ஒரு பம்ப் குழாய், அதற்குள் தண்டு, தண்டின் நுனியில் கிண்ணம் போல் வளைத்த தோல் வாஷர், குழாயின் அடியில் காற்றைத் திரும்ப விடாத ஒரு சிறு வால்வு. இவ்வளவுதான் பம்ப். பழைய தோலுக்குப் பதிலாக இப்போது புதுத் தோல் வாஷர், நைட்ரைல் ரப்பர் கிண்ணம், ஓ-ரிங் (உருண்டையான ரப்பர் வளையம்) மாட்டிய பித்தளைப் பிஸ்டன் என மூன்று மாற்றுகள் கிடைக்கின்றன. அடி வால்வை அடைக்கும் சின்ன ரப்பர் வில்லைக்குப் பொட்டு என்று பெயர்; அதை வைட்டான் ரப்பரில் தனியாக விற்கிறார்கள்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காசு முதலில் போக வேண்டியது அடி வால்வின் பொட்டுக்கு. கிண்ணத்தைப் பொறுத்தவரை, மண்ணெண்ணெயில் எரியும் பித்தளை ஸ்டவ்களுக்கு நல்ல தோல் இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது. குழாய் வழவழப்பாக இருந்து, ஸ்டவ் மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் என்றால் நைட்ரைல் கிண்ணம் அதைவிட நல்லது. ஓ-ரிங் பிஸ்டன் பார்க்க அழகான வேலைப்பாடு. ஆனால் பெரும்பாலான பழைய ஸ்டவ்களுக்கு அது பொருந்தாது.

கிண்ணத்தின் வேலை வேறு, பொட்டின் வேலை வேறு

தண்டை அழுத்தும்போது கிண்ணத்தின் உதடு விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. காற்று கீழே நெரிகிறது. தண்டை இழுக்கும்போது உதடு உள்பக்கம் தளர்ந்து, மேலே இருக்கும் காற்றைத் தன் ஓரமாகக் கீழே விடுகிறது. அதாவது கிண்ணமே பிஸ்டன், அதுவே உள்ளிழுக்கும் வால்வும்கூட. கிண்ணம் அழுத்தத்தைத் தாங்குவது ஒவ்வொரு அடியிலும் ஒரு நொடிதான். அதன்பின் டாங்கின் அழுத்தத்தை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது அடி வால்வின் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பொட்டு.

இது தெரியாமல்தான் பலர் கிண்ணத்தை மாற்றி மாற்றிச் சலித்துப்போகிறார்கள். அறிகுறியைப் பார்த்தாலே எது கெட்டது என்று தெரிந்துவிடும். அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் கை வழுக்கிக்கொண்டு போனால் கிண்ணம் காய்ந்திருக்கிறது, கிழிந்திருக்கிறது அல்லது தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. காற்றடித்து முடித்ததும் கைப்பிடி தானாக மேலே எழுந்து வந்தால் பொட்டு ஒழுகுகிறது. கழற்றிய தண்டில் எரிபொருள் சொட்டினாலும் அதே பொட்டுதான்; இந்த நிலையில் ஸ்டவ்வைப் பற்றவைக்கவே கூடாது. பம்ப் மூடியின் வழியே எரிபொருள் கசிந்து, பர்னர் தீ அதைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியை அழுத்தினால் பாதியில் ஸ்பிரிங் போல் திருப்பி உதைத்தால் வால்வு அடைத்திருக்கிறது. மேலே இழுக்கச் சிரமமாக இருந்து, விட்டால் உள்ளே உறிஞ்சிக்கொண்டு போனால் கிண்ணம் அளவுக்கு மீறி இறுக்கம்.

தோல்

தோலின் பெரிய பலம், குழாய் எந்த லட்சணத்தில் இருந்தாலும் அதற்கேற்ப வளைந்துகொடுப்பது. அறுபது எழுபது வருடப் பித்தளைக் குழாய் அச்சு வட்டமாக இருக்காது. உள்ளே கோடுகள் விழுந்திருக்கும், களிம்பு அரித்த குழிகள் இருக்கும். எண்ணெய் ஊறிய தோல் அவற்றின் மேல் படிந்து, எண்ணெயாலேயே இடைவெளியை அடைத்துவிடும். சூடும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

பலவீனம் எண்ணெய் வற்றுவது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தோலில் ஊறிய எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். தோல் சுருங்கி விறைக்கும். சிலர் கையில் கிடைத்த தாவர எண்ணெயைத் தடவுகிறார்கள். அது நாளடைவில் பிசினாகிக் கெட்டிப்படும். அதிலுள்ள கொழுப்பு அமிலம் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பையும் கிளப்பும். மெல்லிய கனிம எண்ணெய் போதும். எஸ்.ஏ.ஈ. 30 இன்ஜின் ஆயில் தாராளமாகச் செய்யும்.

கடையில் வாங்கும் தோல் வாஷரில் இரண்டு தரம் உண்டு. கடுக்காய், மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களில் பதனிட்ட தோல் வளைத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். குரோமில் பதனிட்டது தொய்ந்துபோகும், உதடு நிற்காது. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் முதலாவது உள்ளே பழுப்பாக இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம். உதட்டை விரலால் உள்ளே அமுக்கி விட்டால் உடனே திரும்பி வர வேண்டும். கிண்ணம் என்ற பேரில் தட்டையான தோல் வில்லையை விற்றால் வாங்க வேண்டாம். அதைக் குழாய் தானாக வளைத்துக்கொள்ளும் என்பது பாதி நேரம்தான் நடக்கிறது.

அளவு கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். குழாயின் உள் விட்டம் 16 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1.5 மி.மீ. தடிமனுள்ள தோலில் 26 மி.மீ. வில்லை வெட்டி, நடுவில் தண்டுக்கான துளை போட்டு, வெதுவெதுப்பான நீரில் மெத்தென்று ஆகும்வரை ஊறவிட வேண்டும். கட்டியான மரத்துண்டில் 16 மி.மீ. துளை, அதற்குள் தோலை அழுத்த 13 மி.மீ. குச்சி. 16-லிருந்து இரு பக்கத் தோல் தடிமனைக் கழித்தால் வருவது இந்த 13. தோலின் வழவழப்பான முகம் வெளிப்பக்கம், குழாய்ச் சுவரைத் தொடும்படி இருக்கட்டும். அழுத்திய நிலையிலேயே ஒரு நாள் நிழலில் காயவிட்டு, மேடுபள்ளமான விளிம்பைப் புது பிளேடால் ஒரே உயரத்துக்கு நறுக்கி, பிறகு எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தால் வாஷர் தயார். ஈரம் காய்வதற்குள் எண்ணெயில் போட்டால் வடிவம் நிற்காது. சீக்கிரம் காய வேண்டும் என்ற அவசரத்தில் அடுப்பருகே வைத்தாலோ தோல் வெந்து நொறுங்கிவிடும்.

நைட்ரைல் கிண்ணம்

மண்ணெண்ணெய், பெட்ரோல், கனிம எண்ணெய் மூன்றையும் நைட்ரைல் தாங்கும். சாதாரண ரகம் சுமார் மைனஸ் 30 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும். பம்ப் குழாய் அந்த மேல் எல்லையை நெருங்கினால் வாஷரைவிடப் பெரிய பிரச்சினை டாங்கில் இருக்கிறது என்று அர்த்தம். இதன் அருமை ஸ்டவ்வை நெடுநாள் கழித்து எடுக்கும்போது தெரியும். ஊறவைக்க வேண்டாம், விரித்துவிட வேண்டாம், முதல் அடியிலேயே காற்று ஏறும்.

ஆனால் குழாய் நன்றாக இருக்க வேண்டும். விரல்நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு இருந்தால் ரப்பர் உதடு அதன்மேல் பாலம் போல் நின்றுவிடும்; காற்று அடியில் ஓடிவிடும். குழி இருந்தால் உதட்டைச் சீவிவிடும். சந்தையில் வருகிற நைட்ரைல் கிண்ணங்களில் அடிக்கடி பார்க்கும் குறை, உதடு தடித்திருப்பது. நுனி மெலிந்து கூர்மையாக முடிய வேண்டும். ஒரே தடிமனாக வார்த்த கிண்ணம் அழுத்தும்போது நன்றாகப் பிடிக்கும்; இழுக்கும்போது மடங்காது, காற்றை விடாது. அதனால்தான் கைப்பிடி உள்ளே உறிஞ்சுகிறது. தளர்ந்த நிலையில் உதட்டின் வெளி விட்டம் குழாயைவிட அரை மி.மீ. அதிகமாக இருந்தால் சரி. 16 மி.மீ. குழாய்க்கு 16.5, 17-ஐத் தாண்டினால் இழுக்கும்போது கை வலிக்கும்.

அச்சுப்பிசிறு இன்னொன்று. வார்ப்பின் இணைப்புக்கோடு உதட்டின் விளிம்பிலேயே ஓடும் கிண்ணத்தைத் தள்ளிவிடுங்கள். அந்தக் கோடு முடியளவு இருந்தாலும் காற்றுக்கு வழி.

எத்தனால் கலந்த பெட்ரோல் நைட்ரைலைக் கொஞ்சம் ஊதவைக்கும். பெட்ரோல் ஸ்டவ்வில் பொட்டு சரியாக இருந்து, குழாய்க்குள் எரிபொருள் வராதவரை கிண்ணத்துக்கு ஆவி மட்டுமே படும், அதைத் தாங்கிக்கொள்ளும்.

ஓ-ரிங் பிஸ்டன்

தண்டின் நுனியில் திருகும் பித்தளைத் துண்டு, அதில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓ-ரிங். படத்தில் பார்த்ததும் வாங்கத் தோன்றும். சிக்கல் என்னவென்றால், பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்த ஓ-ரிங் இரண்டு திசையிலும் அடைக்கும். இழுக்கும்போது காற்று உள்ளே வர வழியில்லை. குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும், விட்டால் கைப்பிடி திரும்பிப் போகும். பிஸ்டனில் தனி உள்ளிழு வால்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தை அகலமாகக் கடைந்து, மேல் விளிம்பை மூடிய வளையமாகவும் கீழ் விளிம்பைக் காடி (சிறு வெட்டு) போட்டதாகவும் விட வேண்டும். அழுத்தும்போது ரிங் மேல் விளிம்பில் ஒட்டி அடைக்கும்; இழுக்கும்போது கீழ் விளிம்புக்கு நழுவி, காடிகள் வழியே காற்று இறங்கும். மிதக்கும் ஓ-ரிங் என்று விற்கப்படுவது இதுதான். வாங்குவதற்கு முன் ரிங்கைப் பள்ளத்துக்குள் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால் அந்தப் பிஸ்டன் இந்த வேலைக்கு ஆகாது.

மிதக்கும் வகையிலும் குழாய் வட்டமாக, வழவழப்பாக, நீளம் முழுக்க ஒரே விட்டமாக இருக்க வேண்டும். ஓ-ரிங்கால் இட்டுநிரப்ப முடிவது ஒரு மி.மீ.யில் பத்தில் ஓரிரு பங்கு மட்டுமே. பழைய குழாய்கள் நடுவில் தேய்ந்து சற்றுப் பருத்திருக்கும். மேலும் கீழும் பிடிக்கிற ரிங் நடுவில் விட்டுவிடும்.

இன்னொரு குறையை யாரும் சொல்வதில்லை. இந்தப் பிஸ்டன்கள் பழைய கிண்ணத்தைவிடத் தடிமன். தண்டு அடிவரை இறங்காமல் நின்றால், கடைசியில் நெரிந்த காற்று டாங்குக்குப் போகாமல் குழாயிலேயே தங்கும். 85 மி.மீ. நீளக் குழாயில் அடியில் 5 மி.மீ. இடைவெளி, டாங்கில் ஏற்கனவே 1.5 பார் அழுத்தம் என்றால், ஒவ்வொரு அடியிலும் சுமார் 15 சதவீதக் காற்று வீண். இடைவெளி 15 மி.மீ. ஆனால் வீண் 44 சதவீதம். பிஸ்டன் கச்சிதமாக அடைத்தும் அடி எண்ணிக்கை கூடுவதற்குக் காரணம் இதுவே.

பொட்டு: உண்மையான லாபம் இங்கேதான்

ஆரம்ப காலத்தில் அடி வால்வில் இருந்தது தக்கைப் பொட்டு, பிறகு ரப்பர். வைட்டான் 1957-ல் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஃப்ளோரோ ரப்பர். அதற்கு முந்திய ஸ்டவ்களுக்கு இது கிடைத்திருக்க வழியே இல்லை. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊதாது, சுமார் 200 டிகிரி வரை தாங்கும், வருடக்கணக்கில் ஸ்பிரிங் அழுத்தினாலும் மெதுவாகவே பள்ளம் விழும். பொட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை. ஒரே விதிவிலக்கு கடுங்குளிர். சாதாரண வைட்டான் மைனஸ் 20-ஐ ஒட்டி விறைத்துப்போகும். பனிமலையில் பயன்படுத்தும் ஸ்டவ்வுக்கு நைட்ரைல் பொட்டு மேல்.

கறுப்பு, பழுப்பு, பச்சை என எந்த நிறத்திலும் வைட்டான் வரும். நிறத்தை வைத்து நம்ப வேண்டாம். அதே அளவு நைட்ரைலைவிட வைட்டான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். மேசையில் போட்டால் துள்ளாது, சொத்தென்று விழும். எரித்துப் பார்த்துச் சோதிக்கவே கூடாது. வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும்.

சிலிக்கான், ஈ.பி.டி.எம்., சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் இவை மூன்றும் மண்ணெண்ணெயில் ஊதிக் கூழாகும். தற்காலிகத்துக்குக்கூட வேண்டாம்.

மாட்டும் முறை

டாங்கைக் காலிசெய்து, மூடியைத் திறந்துவைத்துக் காற்றாட விடுங்கள். வால்வைக் கழற்ற நீளக் கைப்பிடியுள்ள தனி ஸ்பேனர் வேண்டும். வால்வின் தலை சின்னது, மெத்தென்ற பித்தளை. கோணலாகப் பிடித்துத் திருகினால் ஒரே தடவையில் மொட்டையாகிவிடும். அசையவில்லை என்றால் கொதிநீரைக் குழாய்க்குள் ஊற்றிச் சில நிமிடம் விட்டு, மறுபடி முயலுங்கள். தீச்சுவாலை காட்டாதீர்கள். பம்ப் குழாய் டாங்கோடு ஈயப்பற்றால் ஒட்டப்பட்டிருக்கிறது. 180 டிகிரியைத் தாண்டினாலே அது உருகத் தொடங்கும். வெறும் பலத்தில் முறுக்கினாலும் குழாய் திருகி அந்தப் பற்று விட்டுப்போகும், அதன்பின் ஸ்டவ்வே ஒழுகும்.

வால்வைத் திறந்ததும் ஸ்பிரிங் தெறிக்கும். ஏதாவது பாத்திரத்துக்குள் வைத்துத் திறவுங்கள். பழைய பொட்டை ஊசியால் கிளறி எடுத்து, அது உட்கார்ந்த கிண்ணியைச் சுத்தம் செய்து, புதியதை நேராக அழுத்துங்கள். பொட்டின் முகம் சாய்ந்திருந்தால் எத்தனை நல்ல ரப்பரும் ஒழுகும். எதிரே உள்ள மெல்லிய பித்தளை வளைய விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு தூசியோ கீறலோ அங்கே இருந்தால் மற்ற வேலை எல்லாம் வீண். மிக நைசான நீர்ப்பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தட்டையான குச்சி முனையில் ஒட்டி இரண்டு சுற்று சுற்றினால் சின்னக் கீறல் போய்விடும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் பலப்படுத்தும் பழக்கம் தவறு. காற்று உள்ளே போகவே அதிக அழுத்தம் கேட்கும்.

வால்வின் அடியிலுள்ள ஈய வாஷரைக் கட்டாயம் மாற்றுங்கள். ஒருமுறை நசுங்கிய ஈயம் மறுபடி சரியாகப் படியாது. புதுப் பொட்டு போட்டும் ஒழுகுகிறது என்ற புகாரில் பெரும்பகுதி இந்த வாஷரில்தான் முடிகிறது.

கிண்ணம் மாட்டும்போது திறந்த வாய் டாங்கைப் பார்த்து, அதாவது கீழ்நோக்கி இருக்க வேண்டும். பின்னால் தாங்கு தகடு, பிறகு கிண்ணம், கிண்ணத்தின் உள்ளே சிறு வட்டத் தகடு, கடைசியில் நட்டு. தோலுக்கு நட்டை இறுக்கலாம். நைட்ரைலுக்கு அடிப்பாகம் அசையாமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலும் முறுக்கினால் உதடு அலையலையாக விரியும். குழாயின் வாயில் மூடிக்கான மரை இருக்கும். அதன் கூர் விளிம்பு ரப்பர் உதட்டை நேரடியாகக் கிழித்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி மரையை மறைத்தபடி வைத்து, கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி இறக்கி, பிறகு தாளை உருவிவிடுங்கள். நைட்ரைலுக்குச் சிலிக்கான் கிரீஸ் பட்டும் படாமலும் ஒரு பூச்சு போதும். அதிகமானால் அது கீழிறங்கி, பொட்டின்மேல் தூசியைப் பிடித்து வைக்கும்.

கோல்மேனுக்குத் தனிக் கணக்கு

கோல்மேனின் தண்டு உள்ளே குழலானது, கைப்பிடியில் துளை உண்டு. கட்டைவிரலால் துளையை மூடி அழுத்தி, இழுக்கும்போது விரலை எடுத்தால் காற்று அதன் வழியே உள்ளே வரும். ஆகவே சற்று இறுக்கமான ரப்பர் கிண்ணமும் இதில் தொல்லை தராது. நைட்ரைலுக்கு மிகப் பொருத்தமான ஸ்டவ் இதுதான். அடி வால்வில் பொட்டு கிடையாது, உலோகக் குண்டு. அடித்து முடித்ததும் கைப்பிடியைத் திருகினால் உள் கம்பி அதன் வழியை மூடிவிடும். எனவே குண்டு லேசாக ஒழுகுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். முழுதாக ஒட்டிக்கொண்டால்தான் கழற்ற வேண்டிவரும்.

சோதனையும் எச்சரிக்கையும்

எரிபொருள் ஊற்றாமல், பர்னரை எடுத்து அதன் இடத்தை அடைப்பு மூடியால் மூடி, பத்துப் பதினைந்து அடி அடித்து டாங்கைத் தண்ணீரில் அமுக்குங்கள். தண்டையும் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் நீர் நிரம்ப விட்டால், வால்விலிருந்து வரும் குமிழி கண்ணுக்குத் தெரியும். அரை நிமிடத்துக்கு ஒரு குமிழி வந்தாலும் விடாதீர்கள். பொட்டையும் ஈய வாஷரையும் மறுபடி பாருங்கள். நிரப்பும் மூடியின் வாஷரும் இதே நேரத்தில் தன் குட்டை வெளியிடும்.

பம்ப் சரியானதும் பழைய எண்ணிக்கையில் அடிக்கக் கூடாது. ஒழுகும் பம்பில் முப்பது அடி அடித்துப் பழகிய கை, புதிய கிண்ணத்திலும் முப்பது அடித்தால் அழுத்தம் எங்கோ போய்விடும். பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் பலவற்றில் பாதுகாப்பு வால்வே கிடையாது. டாங்கின் அடித்தகடு உப்புவதுதான் முதல் அறிகுறி, அதற்குள் காலம் கடந்திருக்கும். தீயைப் பார்த்து அடியுங்கள், சுவாலை நீலமாக நிலைத்ததும் நிறுத்துங்கள். பெட்ரோல் ஸ்டவ்வின் மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வின் ரப்பரை மட்டும் இந்த உற்சாகத்தில் தொடாதீர்கள். அங்கே தடிமனோ கடினமோ சற்று மாறினாலும் அது திறக்கும் அழுத்தம் மாறிவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால் முழு மூடியையும் அந்த மாடலுக்கு உரியதாக வாங்குங்கள்.

வாங்கும் முன் வெர்னியர் அளவுகோலால் குழாயின் உள் விட்டத்தை மேல், நடு இரண்டு இடத்திலாவது அளந்துகொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு வருடங்களில் வந்த ஸ்டவ்களில் குழாயும் வால்வு மரையும் மாறியிருக்கின்றன. மாடல் எண்ணை மட்டும் வைத்து அனுப்பும் தொகுப்பில் ஒன்றாவது பொருந்தாமல் போகும்.